100 கிலோவுக்கு மேல இருக்கறவங்க வெயிட் குறைக்க ஆரம்பிக்கறது எப்படி: எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம்

என் உயரம் 170 செ.மீ. ஆரம்பிச்சப்ப 118 கிலோ. 22 மாசத்துல 91 வந்துச்சு, இப்ப ஒரு வருஷமா 90க்கும் 93க்கும் நடுவுல ஓடிட்டு இருக்கு. அதைப் பாத்துட்டு சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, எதிர்வீட்டு அண்ணன்னு ஒரு பதினஞ்சு பேராவது என்கிட்ட கேட்டு ஆரம்பிச்சாங்க, அதுல பாதிப்பேர் முதல் மாசத்துலயே விட்டுட்டாங்க. விட்டவங்கள்ல ஒருத்தர் கூட சோம்பேறி கிடையாது. ஒரே திங்கக்கிழமைல ஜிம்ல ஆறு மாசத்துக்குப் பணம் கட்டி, சோத்தை நிறுத்தி, சர்க்கரையை நிறுத்தி, காலைல அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சவங்கதான். மூணாவது வாரம் முட்டி வலி, தலைவலி, வீட்ல சிடுசிடுப்பு, ஒரு கல்யாண சாப்பாடு, அதோட முடிஞ்சுது.

கீழ சொல்றதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, வரிசை மட்டும்தான் விஷயம். ஒரு படி பழகி, அதை யோசிக்காமலே செய்யற நிலைமைக்கு வந்த பிறகுதான் அடுத்த படி. கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க, சிறுநீரகப் பிரச்சனைக்கு வைத்தியம் பாக்கறவங்க, சமீபத்துல ஹார்ட் ஆபரேஷன் பண்ணவங்க இதை அப்படியே எடுத்துக்க வேண்டாம், உங்களுக்கு டாக்டர் தனியா சொல்லணும்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியது

எடை பாக்கற டிஜிட்டல் மெஷின் ஒண்ணு. வாங்கறப்ப எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்னு பாத்து வாங்குங்க, நிறைய மெஷின் 150 கிலோ வரைக்கும்தான் காட்டும். கட்டில்கிட்ட பாய் மேலயோ கார்பெட் மேலயோ வெச்சா நம்பர் தப்பா வரும், டைல்ஸ் தரைல ஒரே இடத்துல வெச்சு அங்கயே விட்டுடுங்க.

தையல்காரங்க வெச்சிருக்கற டேப் ஒண்ணு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல சுத்தி, மூச்சை விட்டுட்டு அளக்கணும். நம்ம ஊர் உடம்புக்கு ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ தாண்டினா வயித்துக் கொழுப்பு அதிகம்னு கணக்கு. பேன்ட் சைஸ் இதுக்கு உதவாது, ஏன்னா நம்ம எல்லாரும் தொப்பைக்குக் கீழதான் பேன்ட் போடறோம்!

சமையலறைக்கு ஒரு சின்ன தராசு. இது ஆயுசுக்கும் வேண்டாம், ஒரு மாசம் இருந்தா போதும், அதுக்குள்ள கண்ணுக்கு அளவு பழகிடும். அப்புறம் ஒரு நாப்பது பக்க நோட்டு. ஷூ இப்ப வாங்காதீங்க, அதுக்கு நேரம் இருக்கு.

புரோட்டீன் பவுடர், கிரீன் டீ, கொழுப்பைக் கரைக்கற மாத்திரை, வயித்துல கட்டற பெல்ட் எதுவும் வேண்டாம். பெல்ட் கட்டினா வேர்க்கும், வேர்வைல போறது தண்ணி, ஒரு சொம்பு குடிச்சா திரும்ப வந்துடும்.

2. ரத்தப் பரிசோதனையும் மாத்திரைக் கணக்கும்

இதை எல்லாரும் தாண்டிப் போறாங்க. "நான் நல்லாத்தானே இருக்கேன்"னு சொன்ன எங்க சித்தப்பாவுக்கு பி.பி பாத்தா 170/100, அவரு அதுவரைக்கும் தினமும் மாடிப்படி ஓடலாம்னு பிளான் போட்டுட்டு இருந்தாரு.

வெறும் வயித்து சுகர், மூணு மாச சராசரி சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற டெஸ்ட்), லிவர் டெஸ்ட், பி.பி. இவ்வளவும் ஒரு தடவை பாத்துடுங்க. தைராய்டு குறைவா இருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாலோ, பொம்பளைங்களுக்கு பி.சி.ஓ.டி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தாலோ எடை இறங்கறது மெதுவாகும். அது முன்னாடியே தெரிஞ்சா, நம்பர் அசையாதப்ப உங்களையே திட்டிக்க மாட்டீங்க. பலமா குறட்டை விட்டு, ராத்திரி மூச்சு நின்னு நின்னு வந்து, பகல்ல பஸ்ல உக்காந்த உடனே தூங்கிடறீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, தூக்கத்துல மூச்சடைக்கறது பருமனா இருக்கறவங்களுக்கு ரொம்ப சகஜம், தூக்கம் கெட்டா மறுநாள் பசி தாறுமாறா இருக்கும்.

முக்கியமானது இதுதான். சுகருக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சாப்பாட்டைக் குறைச்சுட்டு அதே டோஸ் போட்டா சுகர் கீழ விழும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், படபடன்னு வரும். அப்படி வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலக்கிக் குடிக்கணும், டயட்டுன்னு யோசிச்சுட்டு நிக்கக் கூடாது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு வர்ற சுகர் மாத்திரை எடுக்கறவங்க பட்டினி இருக்கறதும், சோறு மாவு வகை எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்தறதும் ஆபத்து. "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன், டோஸ் மாத்தணுமா"ன்னு டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. நாலு கிலோ குறைஞ்ச உடனே பி.பி மாத்திரையை நீங்களா நிறுத்தறதும் கூடாது, ஆனா எழுந்திரிக்கறப்ப தலை சுத்துச்சுன்னா போய்க் காட்டணும், ஏன்னா எடை குறையக் குறைய பழைய டோஸ் அதிகமா போகலாம்.

எவ்வளவு குறைக்கணும்னு நீங்களே ஒரு கணக்குப் போட்டுக்கலாம். எடையை உயரத்தால (மீட்டர்ல) ரெண்டு தடவை வகுத்தா பி.எம்.ஐ வரும், எனக்கு 118ஐ 1.7ஆல ரெண்டு தடவை வகுத்தா 40.8. இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன்னு எடுத்துக்கறாங்க. அதுக்காக 25க்கு வரணும்னு இலக்கு வைக்காதீங்க, அப்படிப் பாத்தா எனக்கு 72 கிலோ, இன்னைக்கும் நான் அங்க இல்ல. முதல் இலக்கு இப்ப இருக்கற எடைல 5 சதவீதம். 110 கிலோ ஆளுக்கு அஞ்சரை கிலோ. அவ்வளவு குறைஞ்சாலே சுகர், பி.பி, லிவர் கொழுப்புல மாத்தம் தெரிய ஆரம்பிக்கும்.

3. ரெண்டு வாரம் எதையும் மாத்தாம எழுதறது

இங்கதான் பொறுமை போயிடும். "ரெண்டு வாரம் சும்மா எழுதிட்டு இருக்கறதா, அதுக்குள்ள ரெண்டு கிலோ குறைச்சிருப்பேனே"ன்னு ஆபீஸ் தம்பி ஒருத்தன் கேட்டான். அவன் குறைச்சான்தான், ரெண்டு மாசத்துல திரும்ப ஏத்திட்டான், எதனால ஏறிச்சுன்னு அவனுக்கு கடைசி வரைக்கும் தெரியல.

வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க, ஆனா வாயில போற எல்லாத்தையும் எழுதுங்க. டீ எத்தனை, எத்தனை ஸ்பூன் சர்க்கரை, குழந்தை தட்டுல மீதி வெச்ச அரை தோசை, சமைக்கறப்ப வாய்ல போட்ட முறுக்கு, ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் திறந்தது எல்லாம். கூடவே நேரத்தையும் எழுதணும். கலோரி கணக்கெல்லாம் இப்ப வேண்டாம்.

தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு, எதுவும் குடிக்கறதுக்கு முன்னாடி எடை பாத்து அதையும் எழுதிடுங்க. இன்னொரு வேலை, வீட்ல புதுசா எண்ணெய் பாக்கெட் பிரிக்கறப்ப தேதியை அது மேலயே பேனாவால எழுதிடுங்க. ஏன்னு அடுத்த படில தெரியும்.

எழுதின நோட்டைப் பாத்தா ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓட்டை தெரியும். எனக்கு அது சாயங்காலம் நாலரைல இருந்து ஏழு மணி வரைக்கும். மூணு வேளைச் சாப்பாடு ஒழுங்காத்தான் இருந்துச்சு, நடுவுல ரெண்டு டீ, ரெண்டு பஜ்ஜி, வீட்டுக்கு வந்து ஒரு கை மிக்சர், அதுக்கு மேல இன்னொரு காபி. எங்க அக்காவுக்கு மதியம் சரியா சாப்பிடாம ராத்திரி பதினொரு மணிக்கு மூணு ஆளு சாப்பாடு. அவங்களையும் என்னையும் ஒரே டயட் சார்ட்ல உக்கார வெச்சா எப்படி சரியா வரும்?

4. முதல் மாத்தம்: டீயும் எண்ணெயும்

சோத்துல கை வைக்காதீங்க, இப்ப வேண்டாம். முதல்ல குறைக்க வேண்டியது வயிறு நிரம்பாத கலோரியை, ஏன்னா அதைக் குறைச்சா பசி ஏறாது, பசி ஏறாத வரைக்கும் மனசு முரண்டு பிடிக்காது.

டீ கணக்கைப் பாருங்க. ஒரு டீல ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 40 கலோரி, 100 மி.லி. பால் ஒரு 65, ஆக 105. ஒரு நாளைக்கு நாலு டீன்னா 420. அதையே ரெண்டு டீ, டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரைன்னு ஆக்கினா 150தான், 270 கலோரி மிச்சம். நேத்து ரெண்டு ஸ்பூன் போட்டுட்டு இன்னைக்கு சர்க்கரையே இல்லாம குடிச்சா டீ கஷாயம் மாதிரி இருக்கும், நாலு நாளைக்கு ஒரு தடவை கால் ஸ்பூனா இறக்குங்க, நாக்கு பழகிடும். கடைல "சர்க்கரை கம்மி"ன்னு சொன்னா மாஸ்டர் நம்பறதே இல்ல, "சர்க்கரை இல்லாம"ன்னு சொல்லி வாங்கிட்டு தனியா போட்டுக்கறதுதான் வழி. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாத்துக்கும் கலோரி கிட்டத்தட்ட அதேதான், மாத்தி ஏமாந்துடாதீங்க. காலைல வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் குடிச்சா கொழுப்பு கரையாது, வெந்நீர்ல தேன் கரையும்.

எண்ணெய்க்கு வருவோம். பாக்கெட் மேல எழுதின தேதியை வெச்சுப் பாருங்க. நாலு பேர் இருக்கற வீட்ல மாசம் அஞ்சு லிட்டர் ஆகுதுன்னா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மி.லி.க்கு மேல, அது சுமாரா 340 கலோரி. மூணு லிட்டருக்கு இறக்கினா ஆளுக்கு 205 கலோரி பக்கம் வரும். யாரும் பட்டினி கிடக்கல, யாருக்கும் தனிச் சமையல் இல்ல, வீடு மொத்தத்துக்கும் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல குறைஞ்சுது.

குறைக்கறதுக்கு ஒரே வழி, பாட்டில்ல இருந்து சட்டில நேரா ஊத்தறதை நிறுத்தறதுதான். மாசத்துக்கு மூணு லிட்டர்தான்னு முடிவு பண்ணி, வாரத்துக்கு 700 மி.லி. ஒரு பாட்டில்ல அளந்து ஊத்தி வெச்சுடுங்க, ஊத்தறது ஸ்பூனால. தோசைக்கல்லுக்கு வெங்காயத்தைப் பாதியா வெட்டி எண்ணெய்ல தொட்டுத் தேய்ச்சா போதும், இது நம்ம பாட்டிங்க செஞ்சதுதான். ஆலிவ் ஆயில், செக்கு எண்ணெய்னு மாத்தினா கலோரி குறையாது, எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி.

சமைக்கறது நீங்க இல்லன்னா இதைச் சமைக்கறவங்ககிட்ட உக்காந்து பேசணும், உத்தரவு போடக் கூடாது. எங்க வீட்ல நான் முதல் தடவை "இவ்ளோ எண்ணெயா"ன்னு கேட்டு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சு.

5. ரெண்டாவது மாத்தம்: தட்டு

டீயும் எண்ணெயும் பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்கப்புறம்தான் தட்டு.

பொதுவா எல்லாரும் பண்றது சோத்தைக் குறைக்கறது, அவ்வளவுதான். குறைச்ச இடத்துல எதையும் வைக்க மாட்டாங்க, நாலு மணிக்கு கண்ணு இருட்டும், பப்ஸ் உள்ள போகும். அதனால குறைக்கறதுக்கு முன்னாடி சேருங்க. முதல் வாரம் சோத்து அளவை மாத்தாம, பருப்பு, முட்டை, மீன், காய் இதை மட்டும் கூட்டி, அதை முதல்ல சாப்பிடுங்க. ரெண்டாவது வாரம் சோறு தானா குறையும், அப்ப அளந்து வைங்க.

நம்ம சாப்பாட்டுல புரோட்டீன்தான் இல்ல. காலைல நாலு இட்லி, மதியம் சோறு சாம்பார் ஒரு பொரியல் கொஞ்சம் தயிர், ராத்திரி மூணு தோசை, ரெண்டு டீ. இதை முழுசா கூட்டினாலும் 40 கிராம் பக்கம்தான் வரும். என் உயரத்துக்கு ஒரு நாளைக்கு 70லேர்ந்து 80 கிராம் தேவைன்னு சொன்னாங்க. அந்த முப்பது நாப்பது கிராமை எங்க இருந்து கொண்டு வர்றதுன்னா, ரெண்டு முட்டை 12 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் 8 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம். மத்தி, சங்கரா, நெத்திலி எது கிடைச்சாலும் சரி, குழம்புல போட்டுக்கங்க, பொரிக்காதீங்க. சைவம்னா 30 கிராம் மீல் மேக்கர் 15 கிராம் தரும், 50 கிராம் பனீர் 9, ரெண்டு கரண்டி கெட்டித் தயிர் 7, கூட பருப்பைக் கெட்டியா வைங்க, சாம்பார்ல பருப்பைத் தேடற மாதிரி இருக்கக் கூடாது. கிரியாட்டினின் ஏறியிருக்கறவங்க மட்டும் புரோட்டீனைக் கூட்டறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கணும்.

தட்டுல பாதி காய், கால் பாகம் சோறோ இட்லியோ சப்பாத்தியோ, கால் பாகம் புரோட்டீன். காய்னா உருளைக்கிழங்கு, சேனை, வாழைக்காய் வறுவல் கணக்குல வராது, அவரை, புடலை, கோஸ், வெண்டை, கீரை, சுரைக்காய் இந்த மாதிரி. சோறு 150 கிராம்னா 200 கலோரி, தராசுல ஒரு தடவை வெச்சுப் பாருங்க, நான் ஒரு வேளைக்கு 450 கிராம் போட்டுட்டு இருந்தது அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. இப்ப 200. ஒரேயடியா இறக்கல, வாரத்துக்கு 50 கிராம்.

இங்க நடக்கற வழக்கமான தப்பு ரெண்டு. "ராத்திரி சோறு இல்ல, சப்பாத்திதான்"னு நாலு சப்பாத்தி குருமாவோட சாப்பிடறது, அது ரெண்டு கரண்டி சோத்தை விட அதிகம். இன்னொண்ணு சிறுதானியம். சாமை, குதிரைவாலி, தினை எல்லாத்துலயும் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான், ஆனா கலோரி அரிசிக்குப் பக்கத்துலதான் இருக்கு, சாமைப் பொங்கல்ல நெய் மிதந்தா அது பொங்கல்தான்.

காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கலாமா, இத்தனை மணி நேரம் விரதம் இருக்கலாமான்னு கேப்பாங்க. சிலருக்கு ஒத்து வருது, சுகர் மாத்திரை எடுக்கறவங்க டாக்டர் சொல்லாம செய்யக் கூடாது, எங்க அக்கா மாதிரி ராத்திரி சாப்பிடற பழக்கம் இருக்கறவங்களுக்கு அது நெருப்புல எண்ணெய்தான். அவங்களுக்கு நான் சொன்னது மதியச் சாப்பாட்டை ஒழுங்கா உக்காந்து சாப்பிடச் சொன்னது மட்டும்தான், ராத்திரிப் பசி தானா பாதியாச்சு.

6. நடை: ஏழாவது வாரத்துல இருந்து

ஏற்கனவே நடக்கறவங்க நிறுத்த வேண்டாம். புதுசா ஆரம்பிக்கறவங்க மட்டும் சாப்பாடு ஓரளவு செட்டான பிறகு வாங்க. பசியும் கால்வலியும் ஒரே வாரத்துல வந்தா ரெண்டையும் சேத்து விட்டுடுவோம், நான் பாத்த வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு. இன்னொரு காரணமும் இருக்கு. அரை மணி நேரம் நடந்துட்டு "இன்னைக்குத்தான் நடந்தாச்சே"ன்னு ரெண்டு வடை சாப்பிட்டா நடந்ததை விட அதிகமாவே உள்ள போயிடும்.

முட்டியைக் காப்பாத்தணும். உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா நடக்கற ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் சுமாரா நாலு கிலோ குறையும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அப்ப 115 கிலோல ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. ஓட்டம், ஸ்கிப்பிங், குதிக்கறது எதுவும் இப்ப வேண்டாம், மாடிப்படி இறங்கறதும் முட்டிக்கு ஆகாது.

ஷூ இப்ப வாங்கலாம். சாயங்காலமா போங்க, அப்ப கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு எடுத்தாத்தான் காலைல நடக்கறப்ப விரலை அழுத்தாது. அகலமா இருக்கணும், ரெண்டு காலுக்கும் போட்டு கடைக்குள்ள நடந்து பாக்கணும். சுகர் இருக்கறவங்க தினமும் ராத்திரி உள்ளங்காலைத் தடவிப் பாருங்க, கொப்புளம் வந்தது தெரியாமலே போகும்.

வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு நிறைய பேர் நடையை நிறுத்தறது தொடை உரசலால. நாலாவது நாள் தோல் உரிஞ்சு எரியும், அஞ்சாவது நாள் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்லிடுவாங்க. முட்டி வரைக்கும் வர்ற இறுக்கமான ஷார்ட்ஸ் உள்ள போட்டுக்கணும், சேலை சுடிதாருக்குள்ளயும் போட்டுக்கலாம், நடக்கறதுக்கு முன்னாடி வாசலின் தடவிக்கணும், வந்த உடனே குளிச்சு மடிப்பையெல்லாம் நல்லா துடைச்சுக் காய வைக்கணும். வட்டமா சிவந்து அரிச்சா அது படர்தாமரையா இருக்கலாம், மெடிக்கல்ல கேட்டு கண்ட கிரீமும் போடாம தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டா அடங்கற மாதிரி அடங்கி இன்னும் மோசமா கிளம்பும்.

முதல் வாரம் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. சாப்பிட்ட பிறகு நடந்தா சுகர் ஏறறது மட்டுப்படும், நேரமும் தனியா ஒதுக்க வேண்டியதில்ல. வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. வேகம் எவ்வளவுன்னா, பேச முடியணும், பாட முடியக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிஷம் வர்றது இலக்கு. திருச்சி வெயில்ல காலைல ஆறரைக்குள்ள முடிச்சாத்தான் உண்டு, ரோடை விட ஸ்கூல் மைதானத்து மண்ணு கால்க்கு இதம்.

காலைல கட்டில்ல இருந்து இறங்கி வைக்கற முதல் அடில குதிகால் சுருக்குனு குத்துச்சுன்னா நிமிஷத்தைப் பாதியாக்கிட்டு, தண்ணி பாட்டிலை ஃபிரீசர்ல வெச்சு அது மேல பாதத்தை உருட்டுங்க. நெஞ்சுல அழுத்தற மாதிரி வலி, இடது கை தாடைக்குப் பரவறது, நிக்காத மூச்சிரைப்பு இதுல எது வந்தாலும் அங்கயே உக்காந்து 108க்குப் போன் பண்ணணும், வீட்டுக்கு நடந்து வந்துடலாம்னு நினைக்கக் கூடாது.

7. மெஷின் காட்டற நம்பரைப் படிக்கறது

முதல் பத்து நாள்ல ரெண்டு கிலோ இறங்கும், ஊரெல்லாம் சொல்லுவீங்க. அதுல பெரும்பாகம் தண்ணி. உடம்பு சேத்து வெச்சிருக்கற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமாரா மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், சோறு குறைஞ்சா ரெண்டும் சேந்து போகும். அதே மாதிரி ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறும், மாதவிடாய்க்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு கிலோ ஏறும். அது கொழுப்பு கிடையாது, ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7,700 கலோரி கணக்கு, ஒரு கருவாட்டுக் குழம்புல அவ்வளவு எங்க இருந்து வரும்?

அதனால தினமும் பாருங்க, ஆனா ஞாயித்துக்கிழமை ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோட ஒப்பிடுங்க. வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சா ரொம்ப நல்லா போகுதுன்னு அர்த்தம், ஒரு கிலோவுக்கு மேல தொடர்ந்து இறங்கினா சாப்பாடு பத்தலன்னு அர்த்தம். வேகமா இறக்கினவங்களுக்கு பித்தப்பைல கல்லு வர்ற வாய்ப்பு அதிகம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்துக்கொத்தா கொட்டலாம். "30 நாள்ல 10 கிலோ"ன்னு சொல்றவங்க அதைச் சொல்றதில்ல.

நம்பரைப் பாத்தாலே அன்னைக்கு முழுக்க மனசு கெட்டுப் போறவங்க வாரத்துக்கு ஒரு நாள் பாருங்க, மாசம் ஒரு தடவை டேப் பிடிங்க.

8. மூணு மாசம் கழிச்சு: தசைக்கு வேலை

எடை குறையறப்ப கொழுப்போட சேந்து தசையும் கரையும். தசை போனா மாடி ஏற முடியாது, தரைல உக்காந்தா எழுந்திரிக்க கை ஊணணும். அதனால வாரத்துக்கு ரெண்டு நாள் இதைச் சேருங்க.

கை வெச்ச நாற்காலி வேண்டாம், சுவத்தோட ஒட்டி வெச்ச சாதாரண நாற்காலில உக்காந்து, கையை ஊணாம எழுந்திரிங்க. அஞ்சு தடவை, கொஞ்சம் ஓய்வு, திரும்ப அஞ்சு. முடியலன்னா நாற்காலி மேல ரெண்டு தலகாணி வெச்சு உயரத்தைக் கூட்டுங்க, வாரம் போகப் போக ஒண்ணொண்ணா எடுங்க. சுவத்துல கை வெச்சுத் தள்ளற புஷ்-அப் பத்து. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒரு கிலோ, ரெண்டு கைலயும் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கி இறக்கறது பத்து. மூச்சை அடக்கிட்டுத் தூக்காதீங்க, பி.பி இருக்கறவங்க முக்கியமா.

ஜிம்முக்கு இப்ப போனா உபயோகம் இருக்கும். முதல் நாளே போனவங்களுக்கு அங்க இருக்கற கண்ணாடியும் பக்கத்துல இருக்கற பையனும் சேந்து தெம்பை எடுத்துடும்.

9. கல்யாணம், பரோட்டா, வீட்டு ஆளுங்க

வாரத்துக்கு 21 வேளை சாப்பாடு. அதுல ரெண்டு வேளை இஷ்டத்துக்குன்னு முன்னாடியே ஒதுக்கிடுங்க, எதுன்னு ஞாயித்துக்கிழமையே நோட்டுல எழுதிடுங்க. முன்னாடியே முடிவு பண்ணி சாப்பிட்ட பிரியாணிக்கு அப்புறம் யாரும் டயட்டை விட்டதில்ல, "இன்னைக்கு ஒரு நாள்தானே"ன்னு நின்ன இடத்துல முடிவு பண்ணதுக்கு அப்புறம்தான் விடறாங்க. ஒரு பரோட்டா சுமாரா 250லேர்ந்து 300 கலோரி, அதனால ரெண்டு, சால்னாவை ஊத்தாம தொட்டுக்கறது, கூட ஒரு ஆம்லெட். நாலுல இருந்து ரெண்டுக்கு வந்தாலே போதும்.

கல்யாணப் பந்தில இலைல முதல்ல வெக்கற ஸ்வீட்டை ஓரமா தள்ளி வெச்சுட்டு கூட்டு, பொரியல், பருப்புல ஆரம்பிங்க. ஸ்வீட்டைக் கடைசில பாதி. "ஏன் இப்படி எளைச்சுட்ட, சுகரா?"ன்னு கேக்கற அத்தைக்கு "ஆமா அத்தை, டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு சொல்லிடுங்க. டயட்டுன்னு சொன்னா இன்னொரு கரண்டி விழும், டாக்டர்னு சொன்னா கரண்டி நின்னுடும்.

10. நம்பர் நின்னுட்டா

எனக்கு 104ல ஏழு வாரம் நின்னுச்சு. எடை குறைஞ்ச உடம்புக்குத் தேவையும் குறைஞ்சுடும், 118 கிலோவைத் தூக்கிட்டு நடந்ததுக்கு ஆன செலவு 104க்கு ஆகாது. அதோட சோத்து அளவு நமக்கே தெரியாம திரும்ப ஏறியிருக்கும். அப்ப சாப்பாட்டை வெட்டாதீங்க, மூணாவது படிக்குப் போய் ரெண்டு வாரம் திரும்ப எழுதுங்க, சோத்தைத் தராசுல வைங்க. என்னோட 200 கிராம் 310 ஆகியிருந்துச்சு.

எழுதியும் எதுவும் சிக்கலன்னா நடையைக் கொஞ்சம் கூட்டலாம், தூக்கத்தைப் பாக்கலாம். அதுக்கும் அசையலன்னா டாக்டர்கிட்ட மருந்து பத்திப் பேசறதுல தப்பே இல்ல. செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசியெல்லாம் எடை குறைக்கறதுக்குன்னே 2025ல இருந்து இந்தியால கிடைக்குது, வாரத்துக்கு ஒண்ணு, நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்புது, டாக்டர் பாக்காம யாரோ வாங்கித் தர்றதைப் போட்டுக்காதீங்க. பி.எம்.ஐ 35க்கு மேல இருந்தா, சுகர் மாதிரி நோய் கூட இருந்தா அதுக்குக் கீழயும், எடை குறைக்கறதுக்கு வயித்துல பண்ற ஆபரேஷனையும் யோசிப்பாங்க, அது குறுக்கு வழி கிடையாது, அதுக்கப்புறமும் இந்தத் தட்டும் நடையும் இருக்கு, ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரையும் இருக்கு.

11. ஒரு மாசம் விட்டுப் போச்சுன்னா

விட்டுப் போகும். எனக்கு அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப அஞ்சு வாரம் போச்சு, மூணு கிலோ ஏறிச்சு. திரும்ப வர்றப்ப எல்லாத்தையும் ஒரே நாள்ல தொடங்க வேண்டாம், அதே வரிசைதான், படிக்கு ஒரு வாரம் போதும். முதல் நாள் காலைல மெஷின்ல ஏறி நம்பரை நோட்டுல எழுதுங்க, எவ்வளவு இருந்தாலும் சரி. அன்னைக்கு மாத்த வேண்டியது டீல போடற சர்க்கரை மட்டும்தான்.